தண்ணியில் கலக்கலாமா என்று கேட்டவருக்காக: உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

காவிரி டெல்டாவில் ஒரு தாலுகா ஊரில், அரசு ஆஸ்பத்திரிக்கு எதிரே 26 வருடங்களாக மெடிக்கல் நடத்துகிறேன். படித்துப் பதிவு செய்த மருந்தாளுநர் நான். என் கடைக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது மாத்திரை அட்டைகள் இல்லை, சத்துபான பாட்டில்கள்தான். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையை வீசிக்கொண்டு போகமாட்டார். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு ரொட்டிப் பாக்கெட், முடிந்தால் நாலு ஆரஞ்சு. பொடி தீர்ந்ததும் பாட்டிலைக் கழுவிக் காயவைத்துப் புளியோ சீரகமோ போட்டு அடுப்படியில் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பாட்டில் இல்லாத அடுப்படியை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

போன ஆடி மாதத்தில் ஒரு மதியம் ஒரு பெண் வந்தார். நடவு முடித்துவிட்டு அப்படியே வந்திருக்க வேண்டும். கணுக்காலில் சேறு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ஐந்து ரூபாய்க் காசுகளை எடுத்து வைத்து, வாசலில் சரமாகத் தொங்கும் சின்ன பாக்கெட்டில் இரண்டு கேட்டார். கிழித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். "அக்கா, வீட்ல பால் வாங்கறதில்ல. தண்ணில கலக்கிக் குடுத்தா புள்ளைக்குச் சத்து சேருமா?"

இத்தனை வருடம் கடையில் நின்றவளுக்கு அதற்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. பாக்கெட்டைத் திருப்பினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டும் எழுத்து பிடிபடவில்லை. செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. எல்லாம் ஆங்கிலம். முன்பக்கத்தில் ததும்பத் ததும்ப ஒரு தம்ளர் பால், பக்கத்தில் சிரிக்கிற ஒரு பையன். பால் வாங்க முடியாதவருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. எந்த நிறுவனத்தின் பாக்கெட் என்பது இங்கே முக்கியமில்லை. என் கடையில் தொங்கும் எந்தச் சரத்திலும் அந்த வரி இல்லை.

பழைய மருந்துக்கடை விளம்பரங்களைத் தேடிப் பார்ப்பது எனக்கு நெடுநாள் வழக்கம். அப்பாவும் மெடிக்கல்காரர். அவர் வெட்டிவைத்த பத்திரிகைத் துண்டுகளில் தொடங்கிய பழக்கம், இப்போது இணையத்தில் கிடைக்கும் பிரிட்டிஷ் பத்திரிகைகளின் பழைய பக்கங்கள் வரை வந்திருக்கிறது. அன்று ராத்திரி கடை சாத்திய பிறகு அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு 80 வருடங்களுக்கும் முன்பே, இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டனில், சத்துபான விளம்பரங்களே பதில் சொல்லியிருக்கின்றன. கேட்காமலேயே, கொட்டை எழுத்தில். அது எப்படி நடந்தது, பிறகு எப்படிக் காணாமல் போனது என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஹார்லிக்ஸைக் கண்டுபிடித்தவர்கள் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷையரில் ருவார்டீன் என்ற சிற்றூரைச் சேர்ந்த அண்ணன் தம்பி. அண்ணன் ஜேம்ஸ் என்னைப் போல மருந்துக்காரர். தம்பி வில்லியம் முதலில் அமெரிக்கா போக, அண்ணன் பின்னாலேயே போனார். 1873-ல் சிகாகோவில் கம்பெனி தொடங்கி, சீக்கிரமே விஸ்கான்சின் மாநிலத்து ரஸீன் ஊருக்கு மாறினார்கள். 1883-ல் காப்புரிமை வாங்கினார்கள். முளைகட்டிய பார்லி, கோதுமை மாவு, பால், இவ்வளவுதான் சரக்கு. தானியம் முளைவிடும்போது அதில் ஊறும் நொதிகள் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கிவிடும். அதனால் இனிக்கும், வயிற்றுக்கும் லேசாக இருக்கும். நம் வீட்டில் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்துக் கஞ்சி காய்ச்சும்போது நடப்பதும் அதேதான். குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்குமான உணவு என்று சொல்லித்தான் முதலில் விற்றார்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் கெட்டுப்போகாத பால் என்பது சின்ன விஷயமில்லை. அது நல்ல பொருள். இந்த மடலில் நான் எங்கேயும் அதை மறுக்கப்போவதில்லை.

முதல் உலகப்போரில் அதை மாத்திரையாக அழுத்தி விற்றார்கள். பசியையும் களைப்பையும் தாகத்தையும் தணிக்கும், போர்முனையில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு ஒரு குப்பி அனுப்புங்கள், முகவரி கொடுத்தால் நாங்களே தபாலில் சேர்க்கிறோம் என்று பத்திரிகைகளில் வரும். அந்தப் போருக்குப் போய்த் திரும்பிய இந்தியச் சிப்பாய்கள் கையோடு கொண்டுவந்துதான் ஹார்லிக்ஸ் இங்கே பரவியது என்பார்கள். பஞ்சாபும் வங்காளமும் நம் சென்னை மாகாணமும் அதை முதலில் பிடித்துக்கொண்ட இடங்கள்.

சரி, போர் முடிந்தது. வயிற்றுக்குத் தட்டுப்பாடில்லாத வீடுகளுக்கு இனி எதைச் சொல்லி விற்பது? 1930-களின் தொடக்கத்தில் அதற்கு ஒரு நோயையே உண்டாக்கினார்கள். அதன் பெயர் இரவுப் பட்டினி. தூங்கும்போதும் இதயம் துடிக்கிறது, மூச்சு ஓடுகிறது, அதற்கெல்லாம் சக்தி செலவாகிறது. ராத்திரி முழுக்க உடம்பு பட்டினி கிடக்கிறது. காலையில் நீங்கள் சோர்ந்து எழுவதற்கு அதுதான் காரணம் என்றார்கள். படக்கதை மாதிரி விளம்பரம் வரும். குமாஸ்தாவுக்கு வேலை போகப்போகிறது, அல்லது ஒரு மனைவி எரிந்து விழுகிறாள். டாக்டர் வந்து இரவுப் பட்டினி என்கிறார். படுக்கப்போகும் முன் ஒரு கோப்பை குடித்ததும் கடைசிக் கட்டத்தில் வாழ்க்கை சீராகிவிடுகிறது. மருத்துவத்தில் அப்படி ஒரு நோய் கிடையாது. ஆனால் அந்தச் சொல் வீட்டுக்கு வீடு புழங்கியது.

போட்டியாளரான ஓவல்டின் இன்னொரு வழியில் போனது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து வாண்டர் குடும்பத்தின் தயாரிப்பு அது. முட்டை, மால்ட் என்கிற முளைகட்டிய தானியம், பால் சேர்ந்தது. லண்டனுக்கு வடக்கே கிங்ஸ் லாங்லியில் ஆலை. அதோடு சேர்த்துத் தங்களுக்கென்றே ஒரு பால் பண்ணையும் கோழிப் பண்ணையும் வைத்து அதையே விளம்பரமாக்கினார்கள். 1935-ல் ரேடியோ லக்சம்பர்க்கில் குழந்தைகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பேட்ஜ், ரகசியக் குறியீடு, ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி, சேர்ந்து பாட ஒரு பாட்டு. லட்சக்கணக்கான பிள்ளைகள் சேர்ந்தார்கள். பிள்ளையைப் பிடித்தால் அம்மாவின் பர்ஸ் தானாகத் திறக்கும் என்ற சூத்திரம் இன்றைக்கு வந்ததில்லை.

1939 செப்டம்பரில் போர் வந்தது. ரேடியோ லக்சம்பர்க் ஒலிபரப்பை நிறுத்தியது, பிள்ளைகளின் சங்கம் அதோடு வாயடைத்தது. 1940 ஜனவரி 8-ம் தேதி பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை மூன்றுக்கும் ரேஷன் தொடங்கியது. ஆளுக்கு வாரத்துக்கு வெண்ணெய் 113 கிராம், சர்க்கரை 340 கிராம். ஜூலையில் தேயிலைக்கும் வந்தது, வாரத்துக்கு 57 கிராம்தான். அப்புறம் முட்டை, பெரியவர்களுக்கு ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று. பாலுக்கு வேறு ஏற்பாடு. கர்ப்பிணிகளுக்கும் 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் 1940 ஜூலை முதல் தினம் அரை லிட்டருக்குச் சற்று அதிகமான பால், மலிவு விலையில், முடியாதவர்களுக்கு இலவசமாக. அவர்களுக்குப் போக மிஞ்சியதைத்தான் மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். பெரியவர் ஒருவருக்கு வாரம் முழுவதற்கும் ஒன்றே முக்கால் லிட்டருக்கு மேல் கிடைப்பதே அரிது, சில மாதங்களில் அதற்கும் குறைவு.

சத்துபானக் கம்பெனிகளுக்கு இது என்ன அடி என்று ஒரு கடைக்காரியாக என்னால் உணர முடிகிறது. மால்ட், பால், சர்க்கரை, முட்டை என்று அவர்கள் விற்ற எல்லாமே கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. வாங்குகிறவர் வீட்டிலும் கலக்கப் பால் இல்லை, போடச் சர்க்கரை இல்லை. பண்ணை, புல்வெளி, முட்டைக் கூடை என்று வரைந்து வரைந்து விற்ற படங்களுக்கு இனி வேலையில்லை.

முதலில் தூக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1940 செப்டம்பரில் லண்டன் மீது குண்டுவீச்சு தொடங்கிய பிறகு, ஜனங்கள் பதுங்குகுழிகளிலும் சுரங்க ரயில் நிலையங்களிலும் படுத்தார்கள். தூங்குகிற நேரம் குறைந்துபோன காலத்தில் கிடைக்கிற தூக்கமாவது ஆழ்ந்த தூக்கமாக இருக்கட்டும், அதற்கு எங்கள் பானம் என்று இரண்டு கம்பெனிகளும் விளம்பரம் செய்தன. இரவுப் பட்டினியின் புது வேஷம் என்றுதான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டாவது மாற்றம் வேறு ரகம். பால் கிடைக்கவில்லையா, தண்ணீரிலேயே கலக்குங்கள், பொடிக்குள்ளேயே பால் இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தார்கள். ஹார்லிக்ஸ் அப்படி எழுதியது. ஓவல்டின் இன்னொரு படி போய், இதில் இயல்பாகவே இனிப்பு இருப்பதால் சர்க்கரை சேர்க்க வேண்டாம் என்றது. இதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல முடியாது. தன் பொருளுக்குள் என்ன இருக்கிறது, எது இல்லாமலே அதைக் குடிக்கலாம், இருக்கிற சர்க்கரையை எப்படி மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு கம்பெனியே காசு கொடுத்துச் சொல்கிறது. என் கடையில் நின்ற பெண் கேட்டதும் இதைத்தானே?

மூன்றாவது மாற்றம்தான் என்னை உட்காரவைத்தது. போர் முற்றிய வருடங்களில் ஹார்லிக்ஸ் விளம்பரங்கள் விற்பதையே விட்டுவிட்டன. சரக்கு குறைவாக இருக்கிறது. ஆஸ்பத்திரிகளுக்கும் படைகளுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் போகிறது. உங்கள் கடையில் கிடைக்காவிட்டால் காரணம் அதுதான். உங்களுக்கு அவ்வளவு அவசியம் இல்லையென்றால், அவசியம் உள்ளவருக்கு விட்டுக்கொடுங்கள் என்ற பொருளில் எழுதினார்கள். அதே சமயத்தில் அதன் மாத்திரைகள் வணிகக் கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளில் அவசர உணவாக அடைக்கப்பட்டன. கப்பல் மூழ்கி, நடுக்கடலில் படகில் நாட்கணக்கில் மிதந்தவர்கள் அதை எண்ணி எண்ணிப் பங்கிட்டுத் தின்றிருக்கிறார்கள். இந்தப் பொருளுக்கு இதைவிட நேர்மையான பயன் இருந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

விற்கச் சரக்கில்லாதபோது ஏன் விளம்பரம் செய்ய வேண்டும்? பெயர் மறந்துவிடக்கூடாது என்பதுதான் முதல் காரணம். போர்க் காலத்தில் கூடுதல் லாபத்துக்கு 100 சதவீதம் வரி போட்டிருந்தார்கள். வரியாகக் கட்டுவதைவிட விளம்பரத்தில் போட்டால் பெயராவது நிற்கும். காகிதத் தட்டுப்பாட்டில் நாளிதழ்கள் நான்கு பக்கமாகச் சுருங்கிவிட்டதால் விளம்பரத்துக்குக் கிடைத்த இடமும் கையகலம்தான். கையகல இடத்தில் படக்கதை போட முடியாது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். போதாததற்கு, அதே பக்கத்தில் உணவு அமைச்சகமே வாராவாரம் தன் அறிவிப்பைப் போட்டது. உருளைக்கிழங்கை எப்படி வேகவைப்பது, கேரட்டில் என்ன இருக்கிறது என்று அமைச்சர் வுல்டன் பிரபுவின் துறை ஜனங்களுக்கு எளிய மொழியில் சொல்லிக்கொண்டே இருந்தது. பக்கத்திலேயே உண்மை அச்சாகும்போது அளந்துவிடுவது கஷ்டம். கம்பெனிகள் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை. வேறு வழியில்லாத நிலையில் உண்மையைச் சொன்னார்கள். எனக்கு அது போதும். உங்களிடம் இதை எழுதுவதும் அதனால்தான். அந்த நிலையை உண்டாக்கும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது.

அந்த அரசு சட்டமும் போட்டது. 1943-ல் போர்க்கால விதிகளின் கீழ் உணவுப் பொருட்களின் லேபிளையும் விளம்பரத்தையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் உணவு அமைச்சருக்கு வந்தது. அடுத்த வருடம் லேபிள் ஆணை வந்தது. பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுத வேண்டும். வைட்டமின் இருக்கிறது, தாதுச்சத்து இருக்கிறது என்று சொன்னால் எவ்வளவு இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். யோசித்துப் பாருங்கள், தலைக்கு மேல் விமானம் பறக்கிறது, கடலில் கப்பல் மூழ்குகிறது, அப்போது ஓர் அரசு உட்கார்ந்து டப்பாவின் எழுத்தைத் திருத்துகிறது. அவகாசம் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை.

இன்னொரு பானத்தின் கதையையும் சொல்ல வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், இலங்கையில் இருக்கும் நம்மவர்களுக்கு ரைபீனா நன்றாகத் தெரியும். 1938-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் விற்பனைக்கு வந்த, பிளாக்கரன்ட் என்ற கருநிறச் சிறுபழத்தின் ரசம் அது. ஜெர்மன் நீர்மூழ்கிகளால் ஆரஞ்சு வரத்து அற்றுப்போனபோது, உள்ளூரில் விளையும் பிளாக்கரன்டில் வைட்டமின் சி நிறைய இருப்பது கைகொடுத்தது. 1942 முதல் நாட்டில் விளைந்த பிளாக்கரன்ட் பழம் ஏறக்குறைய முழுவதும் ரசமாக்கப்பட்டுக் குழந்தைகளுக்கு இலவசமாகப் போனது. போருக்குப் பிறகு அந்த ஆலை கோல்ஃபோர்டுக்கு மாறியது. ஹார்லிக்ஸ் சகோதரர்களின் ருவார்டீன் அங்கிருந்து சில மைல்தான், ஒரே காட்டுப் பகுதி. அந்தப் பழரசத்தோடு ஒரு நம்பிக்கை ஒட்டிக்கொண்டது: அது வைட்டமின் சி, அது குழந்தைக்கு நல்லது. அறுபது வருடம் கழித்து, 2004-ல், நியூசிலாந்தில் இரண்டு பள்ளி மாணவிகள் அறிவியல் பாடத்துக்காகச் சில பானங்களைச் சோதித்தார்கள். குடிக்கத் தயாராக விற்கப்பட்ட ரைபீனாவில் வைட்டமின் சி இருப்பதாகவே தெரியவில்லை. 2007-ல் ஆக்லாந்து நீதிமன்றத்தில் தயாரிப்பு நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட நியூசிலாந்து டாலர் அபராதம் கட்டியது. போர்க் காலத்தில் உண்மையாக இருந்த ஒரு சொல், உள்ளே இருந்த சரக்கு மாறிய பிறகும் லேபிளில் அப்படியே உட்கார்ந்திருந்தது. பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு சோதனைக் குழாயை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்கும் வரை.

பிரிட்டனில் 1954 ஜூலையில் ரேஷன் முழுவதுமாக முடிந்தது. பால் வந்தது, சர்க்கரை வந்தது. ஓவல்டின் பிள்ளைகள் சங்கம் 1952-லேயே வானொலிக்குத் திரும்பிவிட்டது. அவசியம் இல்லாதவர்கள் விட்டுக்கொடுங்கள் என்ற வரி திரும்பவில்லை. பிரிட்டனில் ஹார்லிக்ஸ் இன்றைக்கும் பெரியவர்கள் படுக்கப்போகும் முன் குடிக்கிற பானம்தான்.

இங்கே கதை வேறு. 1960-ல் பஞ்சாபின் நாபாவில் ஆலை வந்தது, எருமைப் பாலில் தயாரிப்பு. 1975-ல் ராஜமுந்திரியில் இன்னொன்று. தெற்கும் கிழக்கும்தான் இந்தப் பானங்களுக்கு நாட்டிலேயே பெரிய சந்தையாக இருந்துவருகின்றன. வடக்கைப் போலப் பால் தாராளமாகக் கிடைக்காத பகுதிகள் இவை. பிரிட்டனில் போர் நடந்த சில வருடங்கள் இருந்த பால் தட்டுப்பாடு, இங்கே எத்தனையோ வீடுகளில் எந்தப் போரும் இல்லாமலே தலைமுறைகளாக இருந்தது. ஆனால் அங்கே தட்டுப்பாடு விளம்பரத்தை உண்மை பேசவைத்தது. இங்கே பயத்தை விற்கவைத்தது. நோயாளிக்கான கஞ்சியாக வந்தது, பிள்ளை வளர்வதற்கான மருந்தாக மாறியது. உயரமாக, வலிமையாக, கூர்மையாக வளரும் என்றார்கள். தெற்காசியாவுக்கென்று எடுத்த அந்த ஹார்லிக்ஸ் விளம்பரம் 2008-ல் பிரிட்டனில் ஒரு சேனலில் ஒளிபரப்பாகிவிட்டது. அங்குள்ள விளம்பரத் தர ஆணையம், நிரூபிக்கப்படாத கூற்று என்று தடை செய்தது. ஒரே பெயர், ஒரே விளம்பரம். அங்கே செல்லாதது இங்கே வருடக்கணக்கில் செல்லுபடியானது.

இதில் என் பங்கும் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு சத்துபானக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி ஓர் உயர அட்டை கொண்டுவந்து கொடுத்தார். ஒட்டகச்சிவிங்கி படம், பக்கத்தில் அளவுக்கோடு, எந்த வயதுக்கு எவ்வளவு உயரம் என்று குறித்திருக்கும். கடை வாசல் தூணில் நானே ஆணி அடித்து மாட்டினேன். மருந்து வாங்க வரும் அம்மாக்கள் பிள்ளையின் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் பக்கத்தில் நிறுத்துவார்கள். கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே பிள்ளையின் தலை நிற்கும். அம்மா முகம் மாறும். அப்பா நாலரை அடி, பாட்டி நாலரை அடி என்பதையெல்லாம் அந்தக் கோடு கேட்பதில்லை. உடனே ஒரு பாட்டில் வாங்கிவிடுவார்கள். ஒருநாள் ஒரு பையன் கோட்டை எட்டுவதற்காகக் குதிகாலைத் தூக்கி நின்றான், அம்மா தோளை அழுத்தி இறக்கினார். அன்று சாயங்காலம் அட்டையைக் கழற்றிவிட்டேன். அந்த ஆணி இன்னும் தூணில் இருக்கிறது.

2024 ஏப்ரலில் நீங்கள் ஒரு நல்ல காரியம் செய்தீர்கள். ஹெல்த் டிரிங்க் என்று நம் சட்டத்தில் ஒன்று கிடையாது, மால்ட், தானிய, பால் பானப் பொடிகளை அந்தப் பெயரில் விற்காதீர்கள் என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தினீர்கள். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் என் கடைக்கு வருகிறவர் எவரும் ஹெல்த் டிரிங்க் என்று கேட்டு வாங்குவதில்லை. பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், படத்தைப் பார்த்துத்தான் நம்புகிறார்கள். பெயர்ப் பட்டியல் மாறியது அவர்கள் வரை வந்து சேரவில்லை.

அதனால் கேட்கிறேன். பொடிக்கு உரியது பொடிக்கு, பாலுக்கு உரியது பாலுக்கு என்று பிரித்து எழுதவையுங்கள். பாலில் கலந்தால் இவ்வளவு புரதம் என்று எழுதும்போது அதில் பெரும்பங்கு பாலிலிருந்து வருகிறது. தண்ணீரில் கலந்தால் எவ்வளவு என்பதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும். அதுவும் 100 கிராமுக்கு என்று வேண்டாம், கையில் இருக்கும் அந்தச் சின்ன பாக்கெட்டுக்கு எவ்வளவு என்று வேண்டும். நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரண மால்ட் பொடியில் ஐந்து ரூபாய் பாக்கெட்டுக்குப் புரதம் ஒன்றிரண்டு கிராமைத் தாண்டுவதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. விலையில் இரண்டும் கிட்டத்தட்ட பக்கத்தில்தான். இந்த ஒரு கணக்குத் தெரிந்தால் அந்தப் பெண் தன் பத்து ரூபாயை என்ன செய்வது என்று தானே முடிவு செய்துகொள்வார். அவருக்கு யோசிக்கத் தெரியாமல் இல்லை, படிக்கத்தான் எதுவும் கொடுக்கவில்லை.

அதைத் தமிழில் எழுதவையுங்கள். 2020-ம் வருட லேபிள் விதிகளில் ஆங்கிலம் அல்லது இந்தி போதும், மற்ற மொழி விருப்பம் என்றிருக்கிறது. விளம்பரத்துக்குத் தமிழ் தெரிகிறது. ரேடியோவில், டிவியில், சுவரில் தமிழில் பேசுகிறவர்கள் சர்க்கரை அளவை மட்டும் ஆங்கிலத்தில் சொல்வது எப்படிச் சரி? பாக்கெட்டின் முன்பக்கத்தில் சர்க்கரை, உப்பு அதிகம் என்று எச்சரிக்கை போடுவதா, தரத்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போடுவதா என்ற விவாதம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை. எது வந்தாலும் அந்தந்த மாநில மொழியில் வரட்டும்.

அப்புறம் ஒரு வரி. மூன்று வேளை வீட்டுச் சாப்பாடு சாப்பிடும் பிள்ளைக்கு இது கட்டாயம் இல்லை என்ற ஒரு வரி. இதைக் கேட்டதும் எந்தக் கம்பெனி ஒத்துக்கொள்ளும் என்று நீங்கள் நினைக்கலாம். போர்க் காலத்தில் ஒரு கம்பெனி, அவசியம் இல்லாதவர் விட்டுக்கொடுங்கள் என்று தானே எழுதியது. அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். என் அலமாரியில் இருக்கும் குழந்தைப் பால்மாவு டின் ஒவ்வொன்றிலும் தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சாகியிருக்கிறது. 1992-ம் வருடச் சட்டம் அதை எழுதவைத்தது. அந்தக் கம்பெனிகளும் அப்போது விரும்பி எழுதவில்லை. ஆனால் முப்பது வருடமாக எழுதுகிறார்கள், டின்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வரியைச் சுட்டிக்காட்டி எத்தனையோ பச்சை உடம்புக்காரப் பெண்களிடம் என்னால் பேச முடிந்திருக்கிறது. எனக்குப் பின்னால் சட்டம் நின்றது. அதே பலத்தைச் சத்துபானப் பாக்கெட்டுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சாப்பிட முடியாமல் கிடக்கும் முதியவருக்கு, காய்ச்சலில் வாய் கசந்தவருக்கு, ஆபரேஷன் முடிந்து திரவமாக மட்டும் குடிக்கச் சொன்னவருக்கு நானே பாட்டிலை எடுத்துக் கொடுப்பேன். நாளைக்கும் கொடுப்பேன். கூலியில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்து, இதைக் குடித்தால்தான் பிள்ளை வளரும் என்று நம்புகிறவருக்குக் கொடுக்கும்போதுதான் கை கூசுகிறது.

அந்தப் பெண் மறுபடி வந்தார், மறுவாரமே. அதற்குள் நான் கணக்கைப் போட்டு முடித்திருந்தேன். தண்ணீரில் கலக்கலாம், இனிப்பாக இருக்கும், பிள்ளை குடிக்கும், ஆனால் சத்து இவ்வளவுதான் என்று சொன்னேன். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவைப் பிள்ளை தின்கிறதா என்று கேட்டேன். உருண்டை பிடித்தால் தின்பான், கஞ்சியாகக் கொடுத்தால் துப்புகிறான் என்றார். உருண்டையாகவே கொடு என்றேன். அன்றைக்கு ஒரு பாக்கெட் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

உயர அட்டை தொங்கிய அதே ஆணியில் இப்போது நான் எழுதிய அட்டை தொங்குகிறது. என்னிடம் இருக்கும் ஒவ்வொரு சின்ன பாக்கெட்டிலும் பொடியில் மட்டும் எவ்வளவு புரதம், எவ்வளவு சர்க்கரை என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். கடைசி வரியில் முட்டையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் இருக்கின்றன. பொருளின் சேர்மானம் மாறும்போதெல்லாம் அடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது. ஐப்பசி மழைச் சாரலில் இரண்டு தடவை மை கரைந்துவிட்டது, இது மூன்றாவது அட்டை. பாக்கெட்டிலேயே அந்த எழுத்து வந்துவிட்டால் இதைக் கழற்றிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
காவிரி டெல்டா